கல்லூரி உதவித்தொகை: குடும்ப வருமானத்தைப் பார்த்தா, படித்த பள்ளியைப் பார்த்தா?

பொருநைக்கரை:
தமிழ்நாட்டில் மாணவியருக்கான புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்றும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்றும் தொடங்கப்பட்டன. 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. ஆகியவற்றில் சேர்ந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இது உண்டு. இவற்றில் வருமான வரம்பு எதுவும் இல்லை.

என் மறுப்பு அங்கேதான் தொடங்குகிறது. சிற்றூர்களில் அரசு மேல்நிலைப் பள்ளியை விட்டால் வேறு பள்ளி இல்லாததால், கடைத்தெருவில் இரண்டு கடை வைத்திருப்பவரின் மகளும் அங்கேதான் படிக்கிறாள். அவளுக்கும் 1,000 ரூபாய் கிடைக்கிறது. வட்டிக்குக் கடன் வாங்கித் தன் பிள்ளையை மெட்ரிக் பள்ளியில் சேர்த்த கொத்தனார் வீட்டுக்கோ எதுவும் இல்லை. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு இருப்பதைப் போல ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய் என்று ஒரு வரம்பை வைத்து, பள்ளி நிபந்தனையை நீக்கிவிட்டு, மிச்சமாகும் பணத்தில் தகுதியானவர்களுக்குத் தொகையைக் கூட்டிக் கொடுப்பதுதான் நியாயம்.

பதிவேடு:
பொருநைக்கரை ஐயாவுக்கு வணக்கம். கல்லூரி ஒன்றின் உதவித்தொகைப் பிரிவில் பணிபுரிகிறேன் என்பதால், நீங்கள் நம்பும் வருமானச் சான்றிதழைப் பற்றிச் சில சொற்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்ததும் கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை தருகிறார். அது வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியருக்குப் போய்ச் சான்றிதழாகத் திரும்புகிறது. ஆனால் வந்து பார்க்கும் அலுவலரின் கையில் இருக்கும் ஒரே உறுதியான ஆவணம் சம்பளச் சீட்டு மட்டுமே. சம்பளச் சீட்டு இல்லாத விவசாயி, வியாபாரி, வண்டி உரிமையாளர் ஆகியோருக்கு அவர்கள் வாயால் சொல்வதுதான் வருமானம். அதனால்தான் எங்கள் மேசைக்கு வரும் சான்றிதழ்களில் 72,000, 84,000, 96,000 என்று பன்னிரண்டால் வகுபடும் எண்களாகவே இருக்கின்றன.

இதன் விளைவு என்னவென்றால், நிரந்தரப் பணியில் இருக்கும் துப்புரவுப் பணியாளரின் மகன் 2.5 லட்சம் வரம்பைத் தாண்டியவனாகத் தள்ளப்படுகிறான்; சொந்தமாக இரண்டு லாரி ஓட்டுபவரின் மகன் வரம்புக்குள் பத்திரமாக இருக்கிறான். பள்ளி நிபந்தனையை இப்படி ஏமாற்ற முடியாது. ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் என்ற பதிவு எண் இருக்கிறது. ஏழு ஆண்டுகள் எங்கே படித்தார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். யாரும் 1,000 ரூபாய்க்காக ஏழு ஆண்டுகளுக்கு முன்பே திட்டமிட்டுப் பிள்ளையைப் பள்ளி மாற்றப் போவதில்லை.

கூட்டல் கழித்தல்:
சான்றிதழில் பொய் இருக்கிறது என்றால் சான்றிதழைத் திருத்த வேண்டுமே தவிர, வருமானத்தைப் பார்ப்பதையே கைவிடுவது முறையாகாது. அரசிடம் இன்று வேறு பதிவுகளும் உள்ளன. 2023இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தொடங்கியபோது 2.5 லட்சம் வருமான வரம்புடன், நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர், ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம் என்று வேறு அளவுகோல்களையும் வைத்தார்கள். வந்த 1.63 கோடி விண்ணப்பங்களில் 1.06 கோடி பேரைத் தேர்ந்தெடுக்கவும் செய்தார்கள். அவ்வளவு பெரிய திட்டத்தில் முடிந்தது, அதைவிட எத்தனையோ மடங்கு குறைவான கல்லூரி மாணவர்கள் விஷயத்தில் ஏன் முடியாது?

பதிவேடு:
முடியும், ஆனால் எந்த விலையில்? அந்தத் திட்டத்தில் விடுபட்டவர்கள் மேல்முறையீடு செய்தார்கள், கள ஆய்வு நடந்தது, பலர் பிறகு சேர்க்கப்பட்டார்கள். இல்லத்தரசியின் உரிமைத் தொகை சில மாதங்கள் தாமதமானால் அது வருத்தத்துக்குரியது. மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்த மாணவியின் மேல்முறையீடு ஓராண்டு இழுத்தால், உதவி வந்து சேரும்போது படிப்பில் மூன்றில் ஒரு பங்கு முடிந்திருக்கும், அல்லது அவள் படிப்பையே நிறுத்தியிருப்பாள். மின்சார யூனிட் கணக்கும் அப்படியொன்றும் தெளிவானதல்ல. ஒரே மின் இணைப்பில் அண்ணன் தம்பி மூவரின் குடும்பங்கள் இருக்கும் வீடுகளில் யாருடைய நுகர்வை யாருடைய கணக்கில் எழுதுவது?

தறிக்காரர் மகள்:
இரு தரப்பும் ஒரே கேள்வியைச் சுற்றி வருவதால் வேறொரு பக்கத்தைக் காட்ட விரும்புகிறேன். 2010இல் வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையில் வருமானச் சான்றிதழும் தேவையில்லை, அரசுப் பள்ளியும் தேவையில்லை. தாய், தந்தை, தாத்தா, பாட்டி, உடன்பிறந்தோர் ஆகியோரில் யாரும் பட்டதாரி இல்லை என்றால், ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்பவருக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே. அக்கா அந்தச் சலுகையில் பொறியியல் முடித்தால், அடுத்து வரும் தம்பிக்குக் கிடையாது. அக்கா பட்டம் வாங்கியதால் வீட்டில் ஓடும் விசைத்தறியின் கூலி உயர்ந்துவிட்டதா என்ன? தேவையை நேராக அளக்காமல் அதற்குப் பதிலாக வேறொன்றை அளக்கும் எந்த விதியும் இப்படி ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். பதிவேடு அவர்கள் ஆதரிக்கும் பள்ளி விதியும் அதற்கு விலக்கல்ல.

மற்றொன்று, பணம் வரும் காலம். ஆதிதிராவிடர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் செலவை மத்திய, மாநில அரசுகள் 60:40 என்று பகிர்ந்துகொள்ள வேண்டும் என 2020 டிசம்பரில் முடிவானது. அதன் பின் மத்திய அரசின் பங்கு நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்குப் போகத் தொடங்கியது. இடைத்தரகு ஒழிந்தது என்று பலரும் பாராட்டினார்கள். ஆனால் கட்டணத்தைக் கல்லூரி ஜூலையில் கேட்கிறது. உதவித்தொகையோ கல்வியாண்டின் கடைசியில் வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நகையை அடகு வைத்துக் கட்டுவது குடும்பத்தின் வேலை, கட்ட முடியாதவர்களின் ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைப்பது சில கல்லூரிகளின் வேலை. யாருக்குக் கொடுப்பது என்ற வாதத்தில் காட்டும் அக்கறையில் பாதியையாவது எப்போது கொடுப்பது என்பதில் காட்டுங்கள்.

பொருநைக்கரை:
காலதாமதம் பற்றிய உங்கள் கருத்தில் எனக்கு வேறுபாடு இல்லை. ஆயினும் தாமதத்தைச் சரிசெய்த பிறகும் தகுதி என்ற கேள்வி அப்படியே நிற்கும். சான்றிதழை நம்ப முடியாது என்றால் குடும்ப அட்டையைப் பயன்படுத்தலாமே? முன்னுரிமை, மிக ஏழைகளுக்கான அந்தியோதயா, முன்னுரிமையற்றது என்ற குறியீடுகள் அட்டையிலேயே உள்ளன. மாணவர் புதிதாக எந்த அலுவலகத்துக்கும் அலைய வேண்டியதில்லை.

பதிவேடு:
அந்தக் குறியீடு எப்படி இடப்பட்டது என்று ரேஷன் கடை வரிசையில் கேட்டால் சிரிப்பார்கள். முன்னுரிமையற்ற அட்டைக்கும் இங்கே விலையில்லா அரிசி கிடைப்பதால், குறியீடு தவறாக இருந்தாலும் அதைத் திருத்த மக்கள் மெனக்கெடவில்லை. இதுவரை பெரிய விளைவு எதுவும் இல்லாத ஒரு குறியீட்டின் மீது ஒரு பிள்ளையின் படிப்பை ஏற்றி வைப்பது அபாயம்.

என்னை உறுத்தும் ஏற்றத்தாழ்வு வேறு. ஒரே அரசுப் பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்த இரண்டு மாணவியரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்கிறாள். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. மற்றவள் கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேர்கிறாள், அவளுக்குக் கட்டணம் குறைவுதான், ஆனால் வெளியூரில் தங்கிச் சாப்பிட 1,000 ரூபாய் எந்த மூலைக்கு? இருவரின் வீடும் ஒரே தெருவில் இருக்கலாம். ஆகவே இந்த 1,000 ரூபாயை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மேல் தங்குமிடச் செலவைக் கலைக் கல்லூரி மாணவருக்கும் கொடுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

கூட்டல் கழித்தல்:
மாதம் 1,000 ரூபாயை எல்லோருக்கும் கொடுக்கலாம்; விடுதிச் செலவை எல்லோருக்கும் கொடுக்க எந்த நிதிநிலையும் தாங்காது. அந்தப் படியில் வருமானத்தைப் பார்த்தே ஆக வேண்டும். சுற்றி வந்து நாங்கள் தொடங்கிய இடத்துக்கே நீங்களும் வந்துவிட்டீர்கள்.

பதிவேடு:
இல்லை ஐயா. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளின் விதியைப் பாருங்கள்: வருமான வரம்பு உண்டு, அதோடு வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே குறைந்தது 8 கி.மீ. தொலைவு இருக்க வேண்டும் என்பதும் உண்டு. மாணவியருக்கு மட்டும் தொலைவு விதி கிடையாது. நடைமுறையில் அங்கே ஆளைச் சலிப்பது வருமானச் சான்றிதழ் அல்ல. பெரிய கூடத்தில் பலரோடு படுத்து, அங்கே போடும் சாப்பாட்டைச் சாப்பிட்டு மூன்று ஆண்டுகள் இருக்க, தேவை இல்லாதவர் விண்ணப்பிக்கவே மாட்டார். பணமாகக் கொடுத்தால் வருமானத்தைத் துருவ வேண்டும். இடமும் சோறுமாகக் கொடுத்தால் அந்த வேலை பெரும்பாலும் மிச்சம்.

தறிக்காரர் மகள்:
அப்படியானால் வறுமையை நிரூபிக்க வசதிக்குறைவைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்றாகிறது. அந்த விடுதிகளின் கழிப்பறைகளைச் சீரமைத்து, அறைக்கு மூவர் என்று ஆக்கிவிட்டால், உங்கள் சல்லடை வேலை செய்யாதே?

பதிவேடு:
சீரமைத்தால் கூட்டம் கூடும், உண்மைதான். கூடினால் இன்னொரு விடுதி கட்டச் சொல்லிக் கேட்போம். படிக்க வரும் பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள் என்பதை நான் ஒரு குறையாக எழுதிக் கொடுக்க மாட்டேன்.

பொருநைக்கரை:
இன்னொரு விடுதி கட்டி முடிக்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். அதுவரை இடம் கிடைக்காத, மெட்ரிக் பள்ளியில் படித்த அந்தக் கொத்தனார் மகனுக்கு இந்த ஆண்டு என்ன வழி என்று நான் முதலில் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.