கோடையில் செடிக்கு ஆர்.ஓ. கழிவுத் தண்ணி: ஊத்தலாமா, கூடாதா?

மாடிவாசி (வேளச்சேரி):
வணக்கம். அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சதும் மாடித் தோட்டம் ரெண்டு வேளையும் தண்ணி கேக்குது. குடிதண்ணி சுத்தம் பண்ற ஆர்.ஓ. மெஷின்ல கழிவா வெளியேறுற தண்ணியைப் பிடிச்சு ஊத்தலாம்னு வீட்ல சொல்றாங்க. க்ரோ பேக்ல (செடி வளர்க்கிற பை) தக்காளி, பீன்ஸ், கொத்தவரை இருக்கு. தாங்குமா?

சொட்டுநீர்:
தாராளமா ஊத்துங்க. ஒரு லிட்டர் குடிதண்ணிக்கு மூணு லிட்டர் சாக்கடைக்குப் போற மெஷின்தான் நிறைய வீட்ல இருக்கு. 2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம்னு நாலு ஏரியும் வறண்டு, குடத்தோட லாரிக்குக் காத்துக்கிடந்த ஊருங்க இது. இந்த ஊர்ல அதை வீணாக்க எனக்கு மனசு ஒப்பல. மெஷின் புதுசா உப்பை உண்டாக்கறதில்ல, வந்த உப்பைத்தான் ஒதுக்கித் தள்ளுது.

செம்மண்காரி:
ஒதுக்கித் தள்ளின உப்பு அப்புறம் எங்க போகும் தம்பி? பைக்குள்ளதான். தண்ணி ஆவியாகும், உப்பு ஆகாது. மேல விழுந்து கழுவிவிட கோடையில மழையும் கிடையாது. தண்ணி வடியுற ஓட்டையைச் சுத்தி வெள்ளையா பூத்திருக்கும், பாருங்க. அடுத்து இலை நுனியும் ஓரமும் பழுப்பாகிக் காயும். வெயில்ல கருகுதுன்னு நினைச்சு அதே தண்ணியை இன்னும் கூட ஊத்துவாங்க. செடி போறது அப்படித்தான்.

சொட்டுநீர்:
கணக்குப் போட்டுப் பாருங்கக்கா. உள்ள போற தண்ணி டிடிஎஸ் (ஒரு லிட்டர்ல கரைஞ்சிருக்கிற மொத்த உப்பு, மில்லிகிராம்ல) 300னா, மூணு பங்கு கழிவுல வெளிய வர்றது 400க்குள்ளதான். 450க்குக் கீழ இருந்தா பாசனத்துக்குக் கட்டுப்பாடே வேண்டாம்னு எஃப்.ஏ.ஓ. (ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு) பாசன வழிகாட்டியே சொல்லுது.

செம்மண்காரி:
300 எத்தனை வீட்ல இருக்கு? நிறைய பேர் சம்ப்புல (தரைக்கடித் தொட்டி) போர் தண்ணி கலந்திருக்கும். 1500 உள்ள போனா 2000 கிட்ட வெளிய வரும். அதே வழிகாட்டி 2000க்கு மேல கடும் கட்டுப்பாடுன்னு சொல்றதையும் சேர்த்துச் சொல்லுங்க. தண்ணியை மிச்சம் பிடிக்கிற புது மெஷின்னா கழிவு குறையும், அதுல உப்பு இன்னும் ஏறும். டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், அதுல சோடியம் எவ்வளவுன்னு காட்டாது. சோடியம் சேர்ந்தா மண் இறுகி, ஊத்தின தண்ணி இறங்காம மேலயே நிக்கும்.

பந்தல்:
ரெண்டு பேரும் செடியைப் பத்திப் பேசலையே. பீன்ஸ் உப்பைக் கொஞ்சமும் தாங்காது. கொத்தவரை நல்லாவே தாங்கும், காராமணி ஓரளவு. தக்காளிக்குப் பிரச்சினை வேற: ராத்திரியும் வெக்கை குறையலன்னா பூ கொட்டும், எந்தத் தண்ணி ஊத்தினாலும் காய் பிடிக்காது. அதுக்கு 50 சதவீத நிழல்வலை கட்டுங்க. எல்லாப் பைக்கும் சருகு மூடாக்கு கனமா போடுங்க, தண்ணிச் செலவே குறைஞ்சிடும்.

சொட்டுநீர்:
மூடாக்கு சரி. உப்புக்கும் வழி இருக்கு. மூணு தடவை கழிவுத் தண்ணி, நாலாவது தடவை நல்ல தண்ணியை அடியில வடியுற வரைக்கும் ஊத்தினா உப்பு இறங்கிடும்.

செம்மண்காரி:
வடிய வடிய நல்ல தண்ணி ஊத்தினா மிச்சம் பிடிச்சது என்ன? கழிவை பாத்ரூம் கழுவவும் டாய்லெட்டுக்கும் வச்சுக்குங்க. அங்க மிச்சமாகுற நல்ல தண்ணி செடிக்கு வரட்டும். அரிசி, பருப்பு கழுவின தண்ணியும் இருக்கு. ஒரு சொட்டும் வீணாகாது.

மாடிவாசி:
மீட்டர் வாங்கிப் பார்த்தேன். குழாய்ல 740, கழிவுல 960.

பந்தல்:
பீன்ஸுக்கு வேண்டாம். கொத்தவரைக்குத் தரலாம்.

செம்மண்காரி:
கொத்தவரைக்கும் பையில வேண்டாம்னுதான் சொல்வேன். தரையில நிக்கிற தென்னை இருந்தா அதுக்கு விடுங்க.

சொட்டுநீர்:
960க்குக் கொத்தவரை அசையாதுங்கக்கா. மாடிவாசி, ரெண்டு கொத்தவரைப் பைக்கு மட்டும் ஊத்திப் பாருங்க, மத்ததுக்கு நல்ல தண்ணி. மாசக் கடைசியில ரெண்டு விதப் பையையும் பக்கத்துல வச்சு இலை ஓரத்தைப் படம் எடுத்துப் போடுங்க.