ஆக்டேவியா ஆர்எஸ் 230, குடும்ப வண்டியாக: கியர்பாக்ஸை எப்படி நம்புவது?

கோயம்புத்தூரில் 2018 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஒரே ஓனர், 71,000 கிலோமீட்டர், 17 லட்சம் கேட்கிறார். நாங்கள் இருப்பது காரைக்குடியில். மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு அப்பத்தா. டிக்கி 590 லிட்டர், கல்யாண வீட்டுப் பலகாரத் தூக்குகளை அடுக்கினாலும் இடம் மிஞ்சும். 230 குதிரைத்திறனைப் பற்றி வீட்டில் இன்னும் வாய் திறக்கவில்லை.

சிக்கல் கியர்பாக்ஸில். 6 கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டை கிளட்ச் கொண்ட ஆட்டோமேட்டிக்; கிளட்ச்கள் எண்ணெயில் மூழ்கியே ஓடும் வகை. 60,000 கிலோமீட்டரில் அந்த எண்ணெயை மாற்ற வேண்டும். மாற்றினேன் என்கிறார், பில் இல்லை. சேசிஸ் எண்ணைக் கொடுத்து ஒரு சர்வீஸ் சென்டரில் கேட்டேன். ஓனர் நேரில் வந்தால்தான் விவரம் தருவார்களாம். நம்மூர் மெக்கானிக்கிடம் இதற்கான ஸ்கேனர் இல்லை, மதுரைக்குக் கொண்டு போகச் சொல்கிறார். நானே அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், கியர் சுத்தமாக விழுந்தது. முன் டயர்கள் மட்டும் உள்பக்கம் தேய்ந்திருக்கின்றன. அது அலைன்மென்ட்தான் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பில்லே இல்லாத இந்த டிஎஸ்ஜியில், பணம் கொடுக்கும் முன் எதைச் சோதித்தால் தைரியமாக வாங்கலாம்?