கார்பன் திட்டம்னு இருளர் குடியிருப்புக்குப் போனவங்க, நடந்ததை எழுதுங்க

கிண்டி_வெயில்:
பயோசார் கம்பெனி ஒண்ணுல ரெண்டு வருஷம் இருந்தேன், இப்ப இல்ல. வேலிகாத்தானை வெட்டி, காத்து புகாம கரியாக்கி, வயல்ல கலக்கிற வேலை. கார்பன் மண்ணுலயே தங்கிடும். அப்படிக் காத்துல சேராம தடுத்த ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஒரு கிரெடிட், புகை விடுற கம்பெனிங்க காசு குடுத்து வாங்கிக்கிற கணக்கு. இங்க இருக்கிறவங்களுக்கு இதெல்லாம் தெரியும், நேரா விஷயத்துக்கு வரேன்.

மதுராந்தகம் தாண்டி ஒரு குடியிருப்பு. புளியமரத்தடியில நாப்பது பேர் இருப்பாங்க. நான் சார்ட்டெல்லாம் காட்டி முடிச்சதும் ஒரு பெரியவர் எந்திரிச்சு, "அட்வான்ஸ் குடுப்பீங்களாம்மா?"ன்னார். ஆர்வம் வந்துடுச்சுன்னு நெனச்சுட்டேன். "கண்டிப்பா உண்டுங்கய்யா, குடும்பத்துக்கு இருபதாயிரம்!"னு பல்லெல்லாம் தெரியச் சொன்னேன். அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துது. யாரும் வாய் திறக்கல. ஒரு அம்மா குழந்தையைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு நடந்தாங்க. பின்னாடியே எல்லாரும். அஞ்சு நிமிஷத்துல மரத்தடியில நாங்களும் பிஸ்கட் டப்பாவும்தான் மிச்சம்.

டிரைவர் அண்ணன் வண்டியில வெச்சு சொன்னார்: அதுல பாதிப்பேர் அட்வான்ஸ் வாங்கி, கரிமூட்டத்துலயும் அரிசி மில்லுலயும் வருஷக்கணக்கா மாட்டிக்கிட்டு, அப்புறம் மீட்டு வந்தவங்களாம். அதே கட்டை, அதே கரி, அதே அட்வான்ஸ். நான் போய் திரும்ப நீட்டியிருக்கேன்.

கழிமுகம்:
எங்களுது எண்ணூர். ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒரே கலர் டீ ஷர்ட் குடுத்து, அலையாத்திச் செடி (மேங்குரோவ்) நடுறதுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கொசஸ்தலை ஆத்துல தண்ணி வத்துன நேரம், சேத்துத் திட்டு மேல வரிசையா குச்சி. இடுப்பளவு தண்ணியில ஒரு அக்கா கையால தடவி இறால் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க, பிடிச்சதைப் போடுற பறிக் கூடையைப் பல்லால கடிச்சுப் பிடிச்சிருந்தாங்க. எங்களைப் பாத்துத் தலைய இப்படியும் அப்படியும் ஆட்டினாங்க. வாழ்த்து சொல்றாங்கன்னு நெனச்சு நாங்க கையாட்டினோம். போட்டோ வேற எடுத்தோம்.

கரைக்கு வந்து பறியை இறக்கி வெச்சப்புறம்தான் பேசினாங்க. "அது நாங்க தடவுற எடம்பா. அங்க செடி நிக்காது, எங்க கைதான் கிழியும்." ரெண்டு மாசம் கழிச்சுப் போய்ப் பாத்தேன். செடி நிக்கல. குச்சி நின்னுச்சு.

ரிட்டயர்டு_தாம்பரம்:
மேலே எழுதிய இருவருக்கும் ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். குற்ற உணர்ச்சியால் யாருக்கும் சோறு வராது. தொண்ணூறுகளில் பிச்சாவரம் போயிருக்கிறேன். வாய்க்கால் வெட்ட வேண்டிய இடத்தில் ஓர் இருளர் இறங்கி, தண்ணீர் முழங்காலுக்கு எங்கே ஏறுகிறது என்று நின்று காட்டினார். என் அனுபவம் அவ்வளவே.

ஆனால் கேளுங்கள். அங்கே சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் எடுத்தவுடன் செடி நடவில்லை. மீன் முள் போல நடுவே ஒரு வாய்க்கால், இரு பக்கமும் கிளைகள். ஓதம், அதாவது கடல் நீர், ஏறி இறங்கி உப்பைக் கழுவிய பிறகுதான் நடவு. ஊரும் வனத்துறையும் சேர்ந்து பார்த்துக்கொண்ட காடு அது. 2004 சுனாமியில் பின்னாலிருந்த குடியிருப்புகளை அது எப்படிக் காத்தது என்று அந்தப் பக்கத்து ஆட்களைக் கேளுங்கள். கழிமுகம் தம்பி, நீங்கள் முதலில் அந்த அம்மாவிடம் போயிருக்க வேண்டும், நர்சரிக்கு அல்ல.

கிண்டிப் பெண்ணுக்கு: கூலி கொடுக்காதீர்கள், பங்கு கொடுங்கள். வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் நடக்கிறது, 1978இல் தொடங்கியது. நாகம், விரியன் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். வித்தையும் அவர்களுடையது, சங்கமும் அவர்களுடையது. அதுபோல ஒன்று பதிவு செய்யுங்கள். 2006 வன உரிமைச் சட்டத்தில் கிராம சபை ஒப்புதல் வாங்குங்கள். எல்லோருக்கும் சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு முதலில். ஒப்பந்தத்தைத் தமிழில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கிரெடிட் விலை ஏறினால் யாருக்கு என்று எழுதி வையுங்கள். முக்கியமாக, கூட்டத்தை வேலை நாளில் வைக்காதீர்கள், அன்றைய கூலி போய்விடும். பிஸ்கட் வேண்டாம், சாப்பாடு போடுங்கள்.

மூட்டக்காரன் மகன்:
தாம்பரம் ஐயா, நல்லா சொன்னீங்க. சாதிச் சான்றிதழ் முதல்லன்னு ஒரு வரியில எழுதிட்டீங்க. நான் பத்தாவதுல கேட்டு காலேஜ் மூணாவது வருஷம் வாங்கினேன். "பாம்பு பிடிக்கத் தெரியுமா?"ன்னு ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டார். எனக்குத் தெரியாது, எனக்கு டேலி தெரியும். அப்புறம், வன உரிமைச் சட்டம் காட்டுக்குத்தான். செங்கல்பட்டுப் பக்கம் எங்க ஆளுங்க பாதிப்பேர் இருக்கிறது ஏரிப் புறம்போக்குல. அந்தச் சட்டம் அங்க எப்படி வரும்?

என் கதை சின்னது. எங்க ஊருக்கும் ஒரு கம்பெனி வந்துச்சு, கிண்டி மேடம் கம்பெனியான்னு தெரியல. கரி பண்ற மிஷின்ல டிகிரி காட்டுற மீட்டர் இருந்துச்சு. கரிமூட்டம் போட்டுப் பழகின அப்பா அதைப் பாக்கவே இல்ல. வெள்ளைப் புகை வந்தா கட்டை இன்னும் ஈரம், நீலமா மெலிஞ்சா ஓட்டையை அடை. அவ்ளோதான் அவர் கணக்கு. அடைங்கன்னு அப்பா சொன்னப்ப இன்ஜினியர் தம்பி மீட்டரைப் பாத்துட்டு இன்னும் பத்து நிமிஷம்னார். திறந்தப்ப பாதி சாம்பல். அடுத்த முறையிலருந்து அப்பா கை காட்டினாதான் மூடுவாங்க.

ரிப்போர்ட்ல அவர் பேர் பக்கத்துல 'பயனாளி'ன்னு போட்டிருந்தாங்க. கத்துக் குடுத்தது யாரு, பயனாளி யாரு? அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். அவருக்கு அதெல்லாம் கவலையில்ல. "எரிக்காம மண்ணுல போடறதுக்கா இவ்ளோ காசு குடுத்துக் கரி பண்றாங்க?"ன்னு அதைத்தான் ஒரு வாரம் கேட்டுக்கிட்டே இருந்தார்.

கிண்டி_வெயில்:
எங்க கம்பெனிதான்னு நெனைக்கிறேன். பயனாளின்னு அந்தக் கட்டத்துல டைப் பண்ணது நானாக்கூட இருக்கலாம். அப்பா இப்ப என்ன பண்றார்?

மூட்டக்காரன் மகன்:
வேளச்சேரியில ஒரு அபார்ட்மென்ட்ல வாட்ச்மேன், மேடம். அட்வான்ஸ் வாங்கல.