லேபிளை மறைத்து ஆறு ரெட் ஒயின்: எங்கே தவறுகிறது? அனுபவப் பகிர்வு

பெங்களூரிலிருந்து:

லேபிளை மறைத்துவிட்டால் போதும், மீதியை நாக்கு பார்த்துக்கொள்ளும் என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். புட்டியின் தோள், கார்க் எடுக்கும் சத்தம், ஒயினின் சூடு, ஊற்றிய வரிசை, எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகச்சுளிப்பு என்று எல்லாமே நாக்குக்கு முன்னால் பேசிவிடுகின்றன. ஒயினைத் தவிர மற்ற அத்தனையையும் ஒன்றுபோல ஆக்குவதுதான் இதில் உள்ள மொத்த வேலையும். எட்டுப் பேருக்கு நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். அவரவருக்கு எங்கே இடறியது என்று எழுதுங்கள்.

முதலில் ஒரே கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். "எது நல்ல ஒயின்" என்பது கேள்வியே அல்ல. ஷிராஸ் என்ற ஒரே திராட்சையை எடுத்து, நாசிக், நந்தி மலையடிவாரம், ஆஸ்திரேலியாவின் பரோசா, பிரான்ஸின் க்ரோஸ் எர்மிட்டாஜ் என்று நான்கு ஊர்க்காரர்களை உட்கார வைக்கலாம். பிரெஞ்சு லேபிளில் சிரா என்றிருந்தாலும் திராட்சை அதேதான். ஐந்தாவதாக கேபர்னே சாவின்யோன் என்ற வேறு திராட்சையின் ஒயின் ஒன்று. இது வேற்று ஆள், கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்க. ஆறாவது கிளாஸ்தான் முக்கியம்: இந்த ஐந்தில் ஏதோ ஒன்றை இரண்டாம் முறை, வேறு எண்ணில் வையுங்கள். இதை இரட்டை என்று சொல்வோம். இரட்டை இல்லாத சோதனையில் வந்த முடிவை நான் நம்புவதில்லை. காரணம் பின்னால் வரும்.

புட்டியை காகிதப் பையில் சுற்றினால் கழுத்து தெரியும். பிரான்ஸின் ஒயின் வட்டாரங்களில் போர்தோ புட்டிக்குத் தோள் உயர்ந்திருக்கும், பர்கண்டி, ரோன் புட்டிகளுக்குச் சரிந்திருக்கும். கனத்தை வைத்தே விலையை ஊகிப்பவர்கள் உண்டு. அதனால் ஒரே மாதிரி ஆறு கண்ணாடித் தண்ணீர் புட்டிகளுக்கு மாற்றிவிடுங்கள். இங்கே ஒரு சிறு கணக்கு. இரட்டைக்குரிய 750 மில்லி இரண்டாகப் பிரியும், புட்டிக்கு 375. மற்ற புட்டிகள் நிறைந்திருந்து இவை இரண்டு மட்டும் பாதியாக நின்றால் குட்டு உடைந்துவிடும். எனவே ஆறிலுமே 375 மட்டும் ஊற்றி, மற்ற நான்கு ஒயின்களின் மிச்சத்தை அதனதன் சொந்தப் புட்டியிலேயே மூடி உள்ளறையில் வையுங்கள். ஆளுக்கு 40 மில்லி ஊற்றினால் எட்டுப் பேருக்கு 320 ஆகும். அடியில் கொஞ்சம் வண்டலுக்கும் இடம் இருக்கும். வண்டல் உள்ள ஒயினை முந்தின நாளே நிமிர்த்தி வைத்துவிட வேண்டும். ஆறையும் ஒரே நேரத்தில், சுவைப்பதற்கு அரை மணி முன்னால் மாற்றுங்கள். ஒன்றுக்குக் காற்று அதிகம், இன்னொன்றுக்குக் குறைவு என்றானால் நீங்கள் அளப்பது காற்றைத்தான்.

மாற்றி ஊற்றுபவர் அடியில் அ, ஆ என்று ஒட்டுகிறார். பிறகு வேறொருவர் தனியாக உள்ளே போய், அந்த எழுத்துகளுக்கு மேல் மூன்றிலக்க எண்களை (417, 862 என்பதுபோல) ஒட்டி, எந்த எழுத்துக்கு எந்த எண் என்று எழுதி உறையில் போட்டு ஒட்டிவிடுகிறார். மாற்றியவருக்கு எண் தெரியாது, எண் போட்டவருக்கு ஒயின் தெரியாது. இருவருமே சுவைக்க உட்காரலாம். 1, 2, 3 என்று எண்ணிட வேண்டாம். "ஒன்று" என்று பார்த்தாலே அதற்கு ஒரு படி மேல் கொடுக்கிற மனசு நமக்கு.

சென்னையிலிருந்து:

சூட்டைப் பற்றி யாரும் எழுதுவதற்குள் நான் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் பாதிச் சோதனைகள் இதில்தான் கெடுகின்றன. ரெட் ஒயினை "அறை வெப்பத்தில்" பரிமாறு என்று புத்தகங்கள் சொல்வது ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறையை, அதாவது 16 முதல் 18 டிகிரியை. சென்னை அறை 30 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறி மற்ற வாசனைகளை அமுக்கிவிடும், ஒயின் தொளதொளவென்று இருக்கும். மாறாக 10 டிகிரிக்கு இறக்கினால் துவர்ப்பு கூர்மையாகி, பழ வாசனை ஒடுங்கிவிடும். ஒரே ஒயினை 14 டிகிரியிலும் 25 டிகிரியிலும் கொடுத்துப் பாருங்கள். இரண்டும் வேறு என்று உறுதியாகச் சொல்வார்கள்.

பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிரப்பிய வாளியில் ஏறக்குறைய 15 நிமிடம், அல்லது ஃப்ரிட்ஜில் ஒன்றரை மணி நேரம். வெறும் ஐஸில் புட்டியைச் செருகினால் இடையில் காற்று நின்று குளிர்ச்சி ஏறாது, தண்ணீர் கட்டாயம். சமையல் தெர்மாமீட்டரை ஆறு புட்டியிலும் விட்டுப் பாருங்கள். ஆறும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். 15க்கு இறக்கி ஊற்றுங்கள், 40 மில்லி ஒயின் கிளாஸில் வேகமாகச் சூடேறிவிடும். ஏசியை 24ல் வைத்தால் இருபது நிமிடம் தாங்கும்.

கோவையிலிருந்து:

ஒயினுக்குச் செலவழிப்பவர்கள் கிளாஸைக் கழுவுவதில் கோட்டை விடுகிறார்கள். சோப்பு வாசனை உலர்ந்த கிளாஸில் ஒட்டிக்கொள்ளும். அலமாரியில் கவிழ்த்து வைத்த கிளாஸுக்குள் பலகை வாசனை அடைத்துக்கொள்ளும். வெந்நீரில் மட்டும் அலசி, நிமிர்த்தி உலர்த்தி, ஒவ்வொன்றையும் காலியாக முகர்ந்து பார்த்த பிறகே மேசைக்கு அனுப்புங்கள். வடிவமும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். எட்டுப் பேருக்கு ஆறு என்றால் 48 கிளாஸ். அவ்வளவு கிடைக்காவிட்டால் ஆளுக்கு மூன்று, இரண்டு சுற்று, இரட்டையை சுற்றுக்கு ஒன்றாகப் பிரித்துவிடுங்கள். அதே கிளாஸில் அடுத்த சுற்றை ஊற்றும்போது தண்ணீரால் கழுவாமல், அடுத்த ஒயினிலேயே ஒரு கரண்டி விட்டுச் சுழற்றிக் கொட்டுங்கள். தண்ணீர்த் துளி நின்றால் ஒயின் நீர்த்துப்போகும். அதற்கென்று புட்டியில் மிச்சம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறையில் ஊதுபத்தி, மல்லிகைப்பூ, செண்ட், சமையலறைத் தாளிப்பு எதுவும் கூடாது. அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும், வந்த பிறகு பூவைக் கழற்றச் சொல்வது நன்றாயிருக்காது. முந்தின ஒரு மணி நேரத்தில் காபி, வெற்றிலை, மிக்சர் வேண்டாம். மிளகாய் எரிச்சல் இருக்கும் நாக்கில் ஆல்கஹாலும் துவர்ப்பும் இரட்டிப்பாகத் தெரியும். பாலாடைக்கட்டி அதற்கு நேர் எதிர், துவர்ப்பை மூடிவிடும், சுமாரான ஒயின்கூட வழுவழுப்பாகத் தோன்றும். வாயைத் துடைக்க உப்பில்லாத பொரி, சாதா பிரெட், தண்ணீர், இவை போதும்.

பெங்களூரிலிருந்து (முதலில் எழுதியவர்):

பொரி நல்ல யோசனை. கூடவே இடைவெளியும் தேவை. துவர்ப்பு என்பது ஒயினிலுள்ள டானின் என்ற பொருள் நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது. எச்சில் மறுபடி ஊறும் முன் அடுத்ததைக் குடித்தால் துவர்ப்பு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும், ஆறாவது ஒயின் பாவம் ஐந்தின் பாரத்தையும் சுமக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு நிமிடம் விடுங்கள். பாதிப் பேர் இடமிருந்து வலம், பாதிப் பேர் வலமிருந்து இடம் சுவைத்தால் வரிசையின் பாரம் பகிர்ந்துபோகும்.

துப்புவதற்கு ஆளுக்கொரு மூடி போட்ட டம்ளர் வையுங்கள். விழுங்கினால் 240 மில்லி, 13.5 சதவீத ஒயினில் ஏறக்குறைய 25 கிராம் ஆல்கஹால். மூக்கு மழுங்க அதுவே போதும். துப்பினாலும் வண்டி ஓட்டுபவர் வேறொருவராக இருக்கட்டும்.

புதுச்சேரியிலிருந்து:

கெட்ட புட்டியை நல்ல ஒயின் என்று நினைத்து மதிப்பெண் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. மாற்றி ஊற்றுபவர் ஒவ்வொன்றையும் முகர்ந்து, ஒரு வாய் பார்க்க வேண்டும். நனைந்த அட்டை, ஈரச் சாக்கு வாசனை வந்தால் அது கார்க் கெடுதல். டிரைகுளோரோஅனிசோல் என்ற பொருள்தான் காரணம், ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். இதில் ஏமாற்று என்னவென்றால், மிகக் குறைவாக இருக்கும்போது சாக்கு வாசனை வராது, பழ வாசனை மட்டும் காணாமல் போகும். "இந்த ஒயினுக்கு உயிரில்லையே" என்பார்கள். கார்க் போட்ட ஒயின் என்றால் அதே ஒயினில் இன்னொரு புட்டி கையிருப்பு வேண்டும். திருகு மூடியில் இந்தக் கவலை மிகக் குறைவு.

அடுத்தது வெந்துபோன ஒயின். கடையிலோ லாரியிலோ வெயிலில் கிடந்தால் உள்ளே விரிந்து கார்க்கை மேலே தள்ளும், கழுத்தில் பிசுபிசுப்பு கசிந்திருக்கும். கொதித்த ஜாம் வாசனை வரும். நாசிக்கில் அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை, உடனே பின்னால் கோடை. இந்திய ஒயினைக் குறை சொல்லும் முன் அது எந்தக் கடையில் எப்படிக் கிடந்தது என்று பாருங்கள். ஏசி இல்லாத கடையின் ஷோகேஸில் நின்ற புட்டியை பரோசாவோடு மோத விடுவது நியாயமில்லை.

குதிரைலாயம், பேண்ட்எய்ட் வாசனை வந்தால் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட். இதை எறிய வேண்டியதில்லை. சிலருக்குப் பிடிக்கும், சிலருக்கு ஆகாது. ஆனால் வாசனை தெரிந்தவர் வாயைத் திறந்து சொல்லக் கூடாது, சொன்னால் மேசையில் எட்டுப் பேருக்கும் குதிரைதான் தெரியும்.

சிங்கப்பூரிலிருந்து:

கண்ணும் அப்படித்தான். போர்தோவில் ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதை வர்ணித்தார்கள். 2001ல் வெளியான ஆய்வு. நிறத்தை மறைக்க வேண்டுமானால் கருப்பு கிளாஸ், கிடைக்காவிட்டால் கிளாஸைச் சுற்றி அலுமினியத் தாள். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், வாய் அகலம், வாசனை நிற்காது.

சொற்களைப் பற்றியும் ஒன்று. பிளாக்கரண்ட் பழத்தை முகர்ந்தே பார்க்காதவர்கள் தாளில் "பிளாக்கரண்ட்" என்று எழுதுகிறார்கள், புட்டியின் பின்லேபிளில் படித்ததால். உங்கள் மூக்குக்குத் தெரிந்ததை எழுதுங்கள். நாவல்பழம், உலர்ந்த அத்தி, மாதுளைத் தோல், கொட்டைப்பாக்கு, ஆறிப்போன கட்டஞ்சாயா. துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்த மொழி நம்முடையது. நாவல் துவர்ப்பு, வாழைப்பூத் துவர்ப்பு, கடுக்காய்த் துவர்ப்பு என்று பிரித்துச் சொன்னாலே ஒயின் பாதி அடையாளம் தெரிந்துவிடும். கிராம்பு வாசனை வந்தால் அது பெரும்பாலும் ஓக் பீப்பாயின் வேலை, கிராம்பிலுள்ள யூஜினால் ஓக்கிலும் இருக்கிறது. தேங்காய் வாசனை தூக்கலாக இருந்தால் அமெரிக்க ஓக்கைச் சந்தேகிக்கலாம். பச்சைக் குடைமிளகாய் வந்தால் கேபர்னே குடும்பம், உங்கள் வேற்று ஆள் அங்கே மாட்டுவார்.

ஷிராஸில் வரும் மிளகு வாசனை உவமை அல்ல. ரோட்டண்டோன் என்ற அதே பொருள் கருமிளகிலும் இருக்கிறது, ஷிராஸிலும் இருக்கிறது. 2008ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனை தெரியவே தெரியாது என்றும் கண்டார்கள். எட்டுப் பேர் மேசையில் ஒருவரோ இருவரோ "மிளகா? எங்கே?" என்றால் அவர்கள் மூக்கு மட்டம் என்று பொருளில்லை, அந்த ஒரு கதவு அவர்களுக்கு இல்லை.

மதுரையிலிருந்து:

இரட்டை எதற்கு என்று காரணம் பின்னால் வரும் என்றீர்கள், இன்னும் வரவில்லை. மதிப்பெண்ணை எப்படிக் கூட்டுவது என்பதையும் சொல்லுங்கள்.

பெங்களூரிலிருந்து (முதலில் எழுதியவர்):

கலிஃபோர்னியா ஸ்டேட் ஃபேர் போட்டியில் தேர்ந்த நடுவர்களுக்கு ஒரே புட்டியிலிருந்து மூன்று முறை, அவர்களுக்குத் தெரியாமல் ஊற்றிப் பார்த்தார் ராபர்ட் ஹாட்ஜ்சன். 2008ல் வெளியான அந்த ஆய்வில் ஏறக்குறைய பத்து சதவீத நடுவர்களே மூன்று முறையும் ஒரே பதக்க வகுப்புக்குள் மதிப்பிட்டிருந்தார்கள். தொழில்முறை நடுவர்களுக்கே இந்த நிலை என்றால் நம் மேசையில் ஒரு அளவுகோல் வேண்டாமா? இரட்டைதான் அந்த அளவுகோல். ஒரே ஒயினுக்கு நீங்கள் ஒருமுறை 13ம் ஒருமுறை 16ம் போட்டால் உங்கள் கையின் ஆட்டம் மூன்று. மற்ற இரண்டு ஒயின்களுக்கு இடையே இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தை வைத்து நீங்கள் வாதாட முடியாது.

கூட்டும் முறை: ஒவ்வொருவரும் பேசாமல், 20க்கு மதிப்பெண் எழுதட்டும். பிறகு அவரவர் தாளில் அதை 1 முதல் 6 வரை தரவரிசையாக மாற்றுங்கள். சிலர் எல்லாவற்றுக்கும் 17 போடுவார்கள், சிலர் 11ஐத் தாண்ட மாட்டார்கள். வரிசையாக்கினால் அந்த வேறுபாடு கரைந்துபோகும். ஒவ்வொரு ஒயினுக்கும் எட்டுப் பேரின் வரிசை எண்களைக் கூட்டுங்கள். எல்லாருக்கும் முதலிடம் என்றால் 8, எல்லாருக்கும் கடைசி என்றால் 48. எட்டுப் பேர், ஆறு கிளாஸ் என்ற கணக்கில் இரண்டு ஒயின்களின் கூட்டுத்தொகைக்கு இடையே குறைந்தது 15 இடைவெளி இருந்தால்தான் மேசை ஒன்றைவிட இன்னொன்றை விரும்பியது என்று சொல்லலாம். 22ம் 27ம் வந்தால் அது சமம்தான். 1976 மே 24 அன்று பாரிஸில் பிரெஞ்சு நடுவர்கள் ஒன்பது பேர் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973ஐ போர்தோவின் மூட்டோன் ரோத்ஷீல்ட் 1970க்கு மேல் வைத்ததும் மயிரிழை இடைவெளியில்தான்.

யாராவது "எனக்கு நாசிக்கும் பரோசாவும் கட்டாயம் பிரித்துத் தெரியும்" என்றால் அதற்கு மூன்று கிளாஸ் சோதனை இருக்கிறது. இரண்டு கிளாஸில் ஒரே ஒயின், மூன்றாவதில் மற்றொன்று, எது தனி என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும். ஆறு முறை வைத்து ஐந்து, பன்னிரண்டு முறை வைத்து எட்டு சரியாக வந்தால் ஒப்புக்கொள்ளலாம். தனி ஒயின் எது, எந்த இடத்தில் என்பதை ஒவ்வொரு முறையும் சீட்டுக் குலுக்கி மாற்றுங்கள்.

புதுச்சேரியிலிருந்து:

உறையைப் பிரிக்கும் முன் தாளை வாங்கி வைத்துவிடுங்கள், பென்சிலில் எழுதியிருந்தால் திருத்தும் கை வரும். பிரித்த பிறகு, உள்ளறையில் மூடி வைத்த மிச்சத்தை அதன் சொந்தப் புட்டியிலிருந்தே, லேபிள் தெரிய ஊற்றி, இன்னொரு தாளில் மறுபடி மதிப்பெண் போடச் சொல்லுங்கள். அதே ஒயினுக்கு லேபிள் எத்தனை மதிப்பெண் சேர்க்கிறது, எத்தனை கழிக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கிடைக்கும். மீந்ததைச் சிறு புட்டியில் கழுத்துவரை நிரப்பி மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.