யூராலஜிஸ்டா, நெப்ராலஜிஸ்டா? அப்பாவை யாரிடம் காட்டுவது?

சாத்தூர்க்காரி:
அப்பாவுக்கு 68 வயது. ராத்திரியில் நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். போனாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறதாம். ஸ்கேனில் புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் சுரப்பி) 52 கிராம், போய்விட்டு வந்த பிறகும் 140 மில்லி உள்ளே தங்குகிறது என்று இருக்கிறது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.1. மதுரையில் விசாரித்தால் ஒரு டாக்டர் டி.எம்., இன்னொருவர் எம்.சிஎச். இரண்டு பேரையுமே கிட்னி டாக்டர் என்கிறார்கள். யாரிடம் போவது?

ஓமலூரான்:
எம்.சிஎச். டாக்டரிடம் போங்க. எனக்குச் சிறுநீர்க் குழாயில் கல் அடைத்தபோது டெலஸ்கோப் விட்டு எடுத்தது அவர்கள்தான்.

வார்டு அக்கா:
தங்கச்சி, அரசு மருத்துவமனை யூராலஜி வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓமலூர் தம்பி சொன்னது சரி. எம்.சிஎச். யூராலஜி என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து, மூன்று வருடம் எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை, அதற்கு மேல் மூன்று வருடம் யூராலஜி படித்தவர். டி.எம். நெப்ராலஜி டாக்டர் பொது மருத்துவம் வழியாக வந்தவர். கிரியேட்டினின் ஏறுவது, டயாலிசிஸ் எல்லாம் அவர் பார்ப்பது. கல், சிறுநீர்ப்பை, புராஸ்டேட், பாதை அடைப்பு, ஆண்களின் குழந்தையின்மை, இந்த உறுப்புகளில் வரும் புற்றுநோய் எல்லாம் யூராலஜி. இருமினால் சிறுநீர் கசிகிற பெண்களும் அங்கே வரலாம். பலர் வெட்கப்பட்டுக்கொண்டு வராமலே இருந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

அங்கே யூரோஃப்ளோ என்று ஒரு டெஸ்ட் எடுப்பார்கள். சிறுநீர் நன்றாக முட்டியதும், புனல் வைத்த மெஷினில் போகச் சொல்வார்கள். பேப்பரில் கோடு விழும். ஓட்டம் நன்றாக இருந்தால் கோடு மேலே ஏறி இறங்கும். அடைப்பு இருந்தால் தரையோடு தவழ்ந்து நீண்டுகொண்டே போகும். புராஸ்டேட்டுக்காகப் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும் கேட்கலாம். அது கூடினாலே புற்றுநோய் என்று பயந்துவிட வேண்டாம். சுரப்பி பெரிதானாலும், சிறுநீரில் தொற்று இருந்தாலும் கூடும். பெரும்பாலும் முதலில் மாத்திரைதான் தருவார்கள். சிலருக்கு எழுந்து நிற்கும்போது தலை சுற்றும், கவனம். மாத்திரைக்குக் கேட்காவிட்டால், சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவி விட்டுச் சுரப்பியைச் சுரண்டி எடுக்கும் டி.யு.ஆர்.பி., லேசர் என்று வழி இருக்கிறது. வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் மறக்காதே. சளி, மூக்கடைப்புக்கு மெடிக்கலில் நாமாகக் கேட்டு வாங்கும் மாத்திரை அப்பாவுக்கு வேண்டாம். அதில் சிலது சிறுநீரை ஒரேயடியாக அடைத்துவிடும். அப்படி நடுராத்திரியில் அடிவயிறு கல்லாக, வியர்த்து, உட்காரவும் முடியாமல் வருகிற பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டியூப் போட்டதும் பை நிறைய இறங்கும், அப்புறம்தான் முகத்தில் உயிர் வரும். அந்த நிலை வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதே, உடனே கூட்டிக்கொண்டு போ.

சாத்தூர்க்காரி:
ரொம்ப நன்றி அக்கா. அப்பா இதயத்துக்கு, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் கிளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறார், சொல்லணுமா? என் முன்னால் எதையும் பேசக் கூச்சப்படுகிறார்.

வார்டு அக்கா:
கண்டிப்பாகச் சொல்லணும். மருந்துச் சீட்டையே கையில் கொண்டுபோ. ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. நிறுத்தலாமா, எத்தனை நாள் என்பதை இதய டாக்டரும் யூராலஜிஸ்டும் பேசி முடிவு செய்வார்கள். கூச்சத்துக்கு, அண்ணனோ தம்பியோ கூடப் போகட்டும். யாரும் இல்லையென்றால், ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு நீ வெளியே வந்துவிடு. ஆசனவாய் வழியே விரல் வைத்துப் பார்ப்பார் டாக்டர், அதை முன்கூட்டியே அப்பாவிடம் யாராவது ஓர் ஆண் சொல்லிவைத்தால் நல்லது. போவதற்கு முன், இரண்டு மூன்று நாளைக்கு எத்தனை மணிக்குப் போனார், எவ்வளவு போனார் என்று அப்பாவையே ஒரு பேப்பரில் குறிக்கச் சொல். வாயால் சொல்லக் கூசுவதை அந்தப் பேப்பர் டாக்டரிடம் சொல்லிவிடும்.