கலைச்சொல்: சுங்கப் பட்டியலில் வரும் "எக்ஸ்-அவுட்"

நண்பர்களுக்கு வணக்கம். ஒரே சுங்கக் குறியீட்டுக்குள் அடங்கும் சரக்குகளில் ஒரு பகுதிக்கு மட்டும் சலுகை தருவதை "எக்ஸ்-அவுட்" என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில் எழுந்த கேள்வி இது:

> "விலக்கு" அல்லது "உட்பிரிவு" போதாதா?

போதாது. இரண்டுமே பொருளைத் திசைதிருப்பிவிடும்.

2012-இல் விளாடிவஸ்டாக்கில் ஏபெக் (ஆசிய-பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு) நாடுகள் 54 சுற்றுச்சூழல் சரக்குகளின் பட்டியலை ஏற்றன. 2015 முடிவதற்குள் அவற்றின் சுங்க வரியை 5 விழுக்காடு அல்லது அதற்கும் கீழே கொண்டுவருவதாக உறுதியளித்தன. கோஸ்டா ரிக்கா, ஐஸ்லாந்து, நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய நான்கும் 2024 நவம்பரில் கையெழுத்திட்ட காலநிலை மாற்றம், வணிகம், நீடிப்புத்தன்மை உடன்படிக்கை 300-க்கு மேற்பட்ட சரக்குகளுக்கு வரியையே நீக்குகிறது. இத்தகைய பட்டியல்களுக்கு அடிப்படை, சரக்குகளை வகைப்படுத்தும் பன்னாட்டு எச்.எஸ். முறையின் ஆறிலக்கக் குறியீடு. அந்த ஆறிலக்கமோ சூழலை நினைத்து வகுத்ததல்ல.

ஏபெக் பட்டியலில் உள்ள 4418.72-ஐப் பாருங்கள். பல்லடுக்குத் தரைப்பலகைகளுக்கு அப்போதிருந்த எண் அது. மரத்தில் செய்ததும் மூங்கிலில் செய்ததும் அதற்குள் ஒன்றாகக் கிடந்தன. சலுகையோ மூங்கிலுக்கு மட்டும். 8541.40-இல் சூரிய மின்கலத்தோடு எல்.இ.டி.யும் இருந்தது. ஆறிலக்கம் முழுவதற்கும் வரியைக் குறைத்தால் வேண்டாததும் கூடவே நுழையும். ஆகவே எண்ணுக்கு முன்னால் "எக்ஸ்" என்று போட்டு, பக்கத்தில் விவரிப்பை எழுதி, இவ்வளவுக்குத்தான் சலுகை என்று வரையறுக்கிறார்கள்.

"விலக்கு" என்று எழுதினால் வரிவிலக்கு என்று கொள்வார்கள், அல்லது பட்டியலிலிருந்தே நீக்கப்பட்ட சரக்கு என்று நேரெதிராகப் புரிந்துகொள்வார்கள். "உட்பிரிவு" அதைவிடச் சிக்கல். நிலத்தை உட்பிரிவு செய்தால் பிரிந்த துண்டுக்குப் பட்டாவில் புது எண் கிடைக்கும். இங்கே பன்னாட்டு எண் மாறுவதே இல்லை. இந்தியாவின் எட்டிலக்க எண்களோடும் அந்தச் சொல் குழம்பும்.

என் பரிந்துரை "கீற்று". முழுப் பூசணியிலிருந்து ஒரு கீற்றை மட்டும் அறுத்து எடுக்கிறோம். மிச்சம் அப்படியே இருக்கிறது.

———

ஐயா, கருத்து சரி. ஆனால் உங்கள் எடுத்துக்காட்டிலேயே சொல் இடறுகிறது. "மூங்கில் தரைப்பலகைக் கீற்று" என்று அச்சானால் மூங்கிலைப் பிளந்த பட்டை என்றுதான் படிப்பார்கள். தென்னங்கீற்று எல்லார் மனத்திலும் இருக்கிறதே. "கூறு" என்று வைக்கலாமா?

இன்னொன்று. எல்லா எக்ஸ்-அவுட்டும் ஒரே தன்மையுடையவை அல்ல. சில பொருளின் உடலமைப்பை வைத்துப் பிரிக்கின்றன: மூங்கிலா, மரமா என்பதைச் சரக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம். சில பயன்பாட்டை வைத்துப் பிரிக்கின்றன: கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கான வால்வு என்பதுபோல. அதே வால்வு எண்ணெய் ஆலைக்கும் பொருந்தும். துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து பார்க்கும் அதிகாரியால் அது எங்கே பொருத்தப்படும் என்று கண்டுபிடிக்க முடியாது. பயன்பாட்டுச் சான்று கேட்பார், சரக்கு தேங்கும். இறக்குமதியாளர் சலுகையே வேண்டாமென்று முழு வரியைக் கட்டிவிட்டுப் போவார். நாம் தேரும் சொல் இரண்டு வகைக்கும் பொருந்த வேண்டும்.

———

"கூறு" வேண்டாம் என்பேன். சந்தையில் கூறு போட்டால் குவியல் முழுவதும் கூறுகளாகிவிடும். இங்கே ஒன்றைத்தான் எடுக்கிறோம்.

மூங்கில் குழப்பம் உண்மையானது. கீற்றைச் சரக்கோடு ஒட்டியதால் வந்தது அது. அறுபடுவது பலகையல்ல, குறியீடு. எனவே "குறிக்கீற்று" என்று வைத்து, எண்ணை முன்னால் எழுதுவோம்: "4418.72-இன் குறிக்கீற்று: மூங்கிலாலான பல்லடுக்குத் தரைப்பலகை". அட்டவணையில் இடம் குறைவென்றால் "கீ. 4418.72". வகை சொல்ல வேண்டிய இடத்தில் "அமைப்புவழிக் குறிக்கீற்று", "பயன்வழிக் குறிக்கீற்று" என்று பிரிக்கலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குறிக்கீற்று நிலையானதல்ல. எச்.எஸ். 2017 பதிப்பில் மூங்கில் தரைப்பலகைக்கு 4418.73 என்ற தனி எண் வந்தது. 2022 பதிப்பில் 8541.40 உடைந்து, எல்.இ.டி. 8541.41-க்கும், தனி மின்கலம் 8541.42-க்கும், தகடாகக் கோத்தது 8541.43-க்கும் போயின. தனி எண் கிடைத்ததும் அது குறிக்கீற்று அல்ல, முழுக் குறியீடு. ஆகவே பழைய பட்டியலைப் பெயர்க்கும்போது "கீ." போடுமுன் அது எந்த ஆண்டுப் பதிப்பு என்று பார்த்துவிடுங்கள், பதிப்பு ஆண்டையும் அட்டவணைத் தலைப்பில் குறியுங்கள்.