சிக் சாவர் பி365க்கு இடுப்பு உறை: குனிந்தால் பிடி புடைக்கிறது, எதை மாற்றுவது?

கேள்வி: ஃபிரிஸ்கோவாசி (டெக்சஸ்)

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தபின் பயிற்சி வகுப்பு ஒன்றை முடித்து, சிக் சாவர் பி365 கைத்துப்பாக்கியை வாங்கினேன். ஆறு மாதமாகப் பயிற்சித் தளத்தில் சுட்டுப் பழகி வருகிறேன். கைக்கு நன்றாகவே அமைந்திருக்கிறது. சிக்கலெல்லாம் உறையில்தான். "எல்லாச் சிறிய துப்பாக்கிக்கும் இது பொருந்தும்" என்று கடையில் எடுத்துக் கொடுத்த நைலான் உறையை வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால், கால்சட்டைக்கு உள்புறமாகச் செருகிக் கொள்கிறேன். நிற்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. காலணி நாடாவைக் கட்டக் குனிந்தால் மட்டும் சட்டை கூடாரம் போட்டதுபோல் தூக்கிக் கொண்டு நிற்கிறது.

எனக்கு வயது 46, உயரம் 5 அடி 6 அங்குலம், தொப்பை உண்டு. சட்டையை வெளியே விட்டுத்தான் அணிவேன். நாள்தோறும் இரண்டு மணி நேரம் கார் ஓட்டுகிறேன். வீட்டில் ஒன்பது வயது மகன் இருக்கிறான். தோல் உறை நல்லதா, கைடெக்ஸ் (சூடாக்கி வார்க்கும் கெட்டிப் பிளாஸ்டிக்) உறை நல்லதா? முன்புறம் வைப்பதா, பக்கவாட்டிலா? உறை எவ்வளவு சிறியதோ அவ்வளவு நன்றாக மறையும் என்று நினைப்பது சரியா? இவை எதுவும் தீராவிட்டால், 17.8 அவுன்ஸ் எடையுள்ள இதைக் கொடுத்துவிட்டு 10.6 அவுன்ஸே உள்ள ரூகர் எல்சிபி மேக்ஸுக்கு மாறலாமா என்றும் யோசிக்கிறேன்.

பதில்: ஹூஸ்டன் பழையவர்

நண்பரே, துப்பாக்கியை மாற்ற வேண்டாம். முதலில் அந்த நைலான் உறையைக் குப்பையில் போடுங்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் உறை எதற்கும் சரியாகப் பொருந்தாது. உறையின் முதல் வேலை மறைப்பது அன்று. துப்பாக்கி உள்ளே இருக்கும் வரை விசையை எதுவும் தொடாமல் காப்பதே முதல் வேலை. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். மேகசினை (தோட்டாக்கூட்டை) நீக்கி, தோட்டா அறை காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கியை உறையில் செருகி, பாதுகாப்பான திசை நோக்கிப் பிடித்தபடி உறையின் வெளியிலிருந்து விரலால் விசை இருக்கும் இடத்தை அழுத்திப் பாருங்கள். விசை அசைந்தால் அந்த உறை அதோடு தீர்ந்தது. அடுத்து, மெத்தைக்கு மேலே உறையைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். துப்பாக்கி கீழே விழுந்தாலும் அப்படியே.

தோலா கைடெக்ஸா என்ற கேள்விக்கு என் விடை கைடெக்ஸ். நான் முதல் நான்கு ஆண்டுகள் தோல் உறைதான் அணிந்தேன்; உடம்புக்கு அதைப்போல் இதமானது வேறில்லை என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஹூஸ்டன் புழுக்கத்தில் வியர்வை குடித்துக் குடித்து அதன் வாய்ப்புறம் துவண்டது. ஒருநாள் துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது ஏதோ தடுப்பதுபோல் இருந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால், துவண்ட விளிம்பு மடிந்து விசைக் காப்பு வளையத்துக்குள் நுழைய இருந்தது. இன்னும் சற்று அழுத்தியிருந்தால் தொடையில் குண்டு பாய்ந்திருக்கும். அன்று மாலையே அதை வெட்டிப் போட்டேன். கைடெக்ஸ் வியர்வை குடிக்காது, வாய் எப்போதும் திறந்தே நிற்கும், துப்பாக்கி சரியாக அமர்ந்தால் 'டக்' என்று ஒலி வரும். குறை இல்லாமல் இல்லை: மடிப்பு ஓரங்களில் நாளடைவில் விரிசல் விடும், திருகாணிகள் தளரும். திருகாணிக்கு நீல நிற லாக்டைட் (திருகாணி தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு, மாதம் ஒருமுறை விரிசல் உண்டா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டால் போதும்.

இனி நீங்கள் கேட்ட 'சிறிய உறை' விஷயம். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். வெளியே தெரிந்து காட்டிக்கொடுப்பது குழல் அன்று, பிடி. குழல் கால்சட்டைக்குள் எவ்வளவு நீண்டாலும் யாரும் பார்க்கப் போவதில்லை. உறையை ஒரு கிணற்று ஏற்றமாக நினைத்துக் கொள்ளுங்கள்: கிளிப் பெல்ட்டைக் கவ்வும் இடம் அதன் அச்சு, மேலே பிடி, கீழே குழல் வாய். கீழ்ப்பகுதி குட்டையாக இருந்தால் மேலேயுள்ள கனம் வெளியே சாய்கிறது. கீழ்ப்பகுதி நீளமாக இருந்தால் உடம்பு அதைத் தாங்கிப் பிடித்து, மேல்பகுதியை வயிற்றோடு சாய்க்கிறது. ஆகவே 3.1 அங்குலக் குழல் கொண்ட பி365க்கு, 3.7 அங்குலக் குழல் கொண்ட எக்ஸ்எல் வகைக்கென வார்த்த உறையை வாங்குவோர் பலர் உண்டு. அடிப்புறம் திறந்திருக்கும் உறையானால் பெரும்பாலும் சரியாக அமரும், ஆயினும் மேலே சொன்ன சோதனைகளைச் செய்துவிட்டே அணிய வேண்டும். உறையின் அடியில், உடம்புப் பக்கமாக ஒட்டப்படும் ஆப்பு வடிவப் பஞ்சும் இதே வேலையைத்தான் செய்கிறது. பிடிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நகம் ஒன்று பெல்ட்டின் உள்புறத்தில் முட்டி, பிடியை உடம்பை நோக்கித் திருப்பும். முன்புறம் வைப்பதானால் இந்த நகமும் ஆப்பும் இல்லாத உறையை வாங்காதீர்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, தொப்புளைப் பன்னிரண்டு மணி என்று கொண்டால் நீங்கள் இப்போது வைத்திருப்பது நான்கு மணி. அங்கே வைத்தால் குனியும்போது புடைக்கத்தான் செய்யும். எந்த உறையும் அதைத் தீர்க்காது. ஒரு மணி இடத்தில் வைத்தால் குனிகையில் சட்டை முன்னால் தொங்கி மறைத்துவிடும். தொப்பை உள்ளவர்கள் பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுவதால் பிடி தொப்பையின் அடிநிழலில் ஒளிந்துகொள்வதும் உண்டு (தொப்பைக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பயன்!). உட்கார்ந்தால் விளிம்பு வயிற்றில் குத்தினால், உறையைக் கால் அங்குலம் மேலேற்றியோ இரண்டு மணிப் பக்கம் நகர்த்தியோ பாருங்கள்.

முன்புறம் வைத்தால் குழல் எதை நோக்குகிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகையால் துப்பாக்கியைத் திரும்பச் செருகுவதற்கு எந்த அவசரமும் இல்லை: சட்டையை முழுதாகத் தூக்கி, இடுப்பை முன்தள்ளிச் சற்றுப் பின்சாய்ந்து, கண்ணால் பார்த்தபடி செருகுங்கள். மேலாடையின் நாடா முடிச்சு ஒன்று உள்ளே போனாலும் விசையை இழுத்துவிடும். நான் காலையில் உறையை வெளியே எடுத்து, அதில் துப்பாக்கியைப் பொருத்தி, இரண்டையும் சேர்த்தே இடுப்பில் மாட்டிக் கொள்கிறேன்.

கடைசியாக, பெல்ட். துணிக்கடைப் பெல்ட்டில் எந்த உறையும் தொங்கத்தான் செய்யும். உள்ளே விறைப்பான பட்டை வைத்துத் தைத்த, ஒன்றரை அங்குல அகலப் பெல்ட்டை வாங்குங்கள்.

பதில்: அட்லாண்டா அம்மா

பெல்ட்டே இல்லாத உடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சல்வாருக்கும் சேலைக்கும் நான் வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலமான மீள்துணிப் பட்டையைப் பயன்படுத்துகிறேன். வெறும் துணிப்பையாக இருக்கும் பட்டை கூடாது. விசையை முழுதாக மூடும் கைடெக்ஸ் கூடு அதில் தைத்திருக்க வேண்டும். சேலையில் முந்தானைக்கடியிலிருந்து எடுக்க நேரமாகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் மறைப்பில் அதற்கு ஈடில்லை.

கைப்பையில் வைக்கலாமே என்று உங்கள் வீட்டம்மா கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள், சகோதரரே. 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில், கடையில் பொருள் வாங்கிக் கொண்டிருந்த தாயின் கைப்பைக்குள் கைவிட்ட இரண்டு வயதுக் குழந்தை, உள்ளே இருந்த துப்பாக்கியால் அந்தத் தாயையே சுட்டுவிட்டது, அவர் இறந்துபோனார். பையைக் கீழே வைக்காத தாய் யார்?

இன்னொன்று, யாரும் சொல்லித் தராதது: கழிப்பறை. துப்பாக்கியைக் கழற்றித் தாள் வைக்கும் பெட்டியின் மேல் வைப்பவர்கள் அதை அங்கேயே மறந்துவிட்டுப் போகிறார்கள். உறையோடு, இறக்கிய கால்சட்டைக்குள்ளேயே, கிளிப்பைக் கழற்றாமல் விட்டுவிடுங்கள். பெல்ட்டை மட்டும் ஒரு துளையில் மாட்டிக்கொண்டால் கனத்தில் சரியாது. உறை வாங்கும்போதே கிளிப் பெல்ட்டை எவ்வளவு இறுகக் கவ்வுகிறது என்பதைக் கடையில் இழுத்துப் பார்க்கச் சொல்வதும் இதனால்தான். துப்பாக்கியை எடுக்கும்போது உறையும் சேர்ந்தே வந்துவிட்டால், விசை மூடிய பொம்மையைத்தான் கையில் பிடித்திருப்பீர்கள்.

பதில்: டாலஸ் வடக்கு

உறையைப் பற்றி மேலே சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை; சட்டத்தை மட்டும் சேர்க்கிறேன். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில், 21 வயது நிறைந்து, துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லாதவர் உரிமமின்றியே அணியலாம். ஆயினும் உரிமத்தை எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். பள்ளிகளைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கியைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம், அந்தந்த மாநிலம் வழங்கிய உரிமம் உள்ளவருக்கு விலக்கு அளிக்கிறது. ஒன்பது வயது மகனைப் பள்ளியில் இறக்கிவிடும் உங்களுக்கு அது முக்கியம். கடை வாசலில் 30.06 என்ற எண்ணோடு ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் அறிவிப்பு இருந்தால், உரிமம் பெற்றவரும் மறைத்துக்கூட உள்ளே கொண்டு செல்லலாகாது. அஞ்சல் நிலையத்துக்கு அறிவிப்புப் பலகையே தேவையில்லை. கூட்டாட்சி விதியே தடுக்கிறது. வெளியே தெரியும்படி அணிவதானால் துப்பாக்கி உறைக்குள் இருந்தே ஆக வேண்டும்.

இதைப் படிக்கும் எச்1பி நண்பர்களுக்கு: கேள்வி கேட்டவர் குடியுரிமை பெற்றவர். குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, கூட்டாட்சிக் குற்றம். பச்சை அட்டை உள்ளவருக்கு அந்தத் தடையில்லை.

கேள்வி கேட்டவர்: ஃபிரிஸ்கோவாசி

மூவருக்கும் நன்றி. நைலான் உறையில் விசைச் சோதனையை அன்றிரவே செய்தேன். துணிக்கு மேலிருந்தே விசை அசைந்ததைப் பார்த்து, ஆறு மாதம் இதை இடுப்பில் வைத்துக்கொண்டா திரிந்தேன் என்று உடம்பு சில்லிட்டது. எக்ஸ்எல் அளவு கைடெக்ஸ் உறை, நகமும் ஆப்பும் உள்ளது, நேற்று வந்தது. துப்பாக்கியைக் காலி செய்து, ஒரு மணி இடத்தில் வைத்து, வீட்டுக்குள் இரண்டு மணி நேரம் நடந்தேன், குனிந்தேன், காரிலும் உட்கார்ந்து பார்த்தேன். சட்டை புடைக்கவில்லை, உட்காரும்போது மட்டும் விளிம்பு சற்று அழுத்துகிறது. பொங்கல் விழாவுக்கு வேட்டி கட்டினால் என்ன செய்வது?

பதில்: ஹூஸ்டன் பழையவர்

கால் அங்குலம் மேலேற்றுங்கள், அழுத்தம் குறையும். வேட்டிக்கு உறை கிடையாது. சம்மணமிட்டு அமர்ந்து எழும் இடத்தில் எதுவும் நிலைக்காது. அன்று துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்தில், பூட்டிய நிலையில் இருக்கட்டும். 17 வயதுக்குட்பட்டவர் கைக்கு எட்டும்படி குண்டேற்றிய துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்சஸில் குற்றம் என்பதால், பெட்டகத்தின் சாவியையும் மகன் அறியாத இடத்தில் வையுங்கள்.